ஸ்காட்ஸ்: அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பெயர்

கி.பி. 431ஆம் ஆண்டுக்குரிய குறிப்பில், அக்விட்டேன் பகுதியைச் சேர்ந்த பிராஸ்பர் என்னும் லத்தீன் வரலாற்றுக் குறிப்பாளர், போப் செலஸ்டின் ‘கிறிஸ்துவை நம்பும் ஸ்காட்டியருக்கு’ முதல் ஆயராகப் பல்லேடியஸ் என்பவரை அனுப்பிவைத்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். இன்று அந்த வரியைப் படிப்பவர், பல்லேடியஸ் ஸ்காட்லாந்துக்குப் போனதாகவே நினைப்பார். அவர் போனதோ அயர்லாந்துக்கு. பிராஸ்பர் எழுதிய காலத்தில் ஸ்காட்டியர் என்றால் அயர்லாந்தில் வாழ்ந்தவர்கள் என்றுதான் பொருள். இன்றைய ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியில் அப்போது வாழ்ந்தவர்கள் பிக்ட்டுகள் என்றும் பிரிட்டானியர் என்றும் அழைக்கப்பட்ட வேறு மக்கள்.

‘ஸ்காட்ஸ்’ என்ற சொல்லை முதன்முதலாக எதிர்கொள்ளும் வாசகருக்கு ஏற்படும் குழப்பங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இன்றைய வழக்கில் இச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு: ஸ்காட்லாந்து மக்கள், அந்நாட்டின் தாழ்நிலங்களில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஒரு மொழி, அந்நாட்டுக்குரியது என்னும் அடைமொழி. இந்த மூன்று பொருள்களில் எதுவும் சொல் பிறந்தபோது அதற்கு இருக்கவில்லை. ஒரு மக்களின் பெயராகப் பிறந்த சொல் கடலைத் தாண்டி, ஓர் அரசின் பெயராகி, அந்த அரசுக்குள் வாழ்ந்த எல்லோரையும் தழுவி, கடைசியில் அதை முதலில் சுமந்தவர்களின் மொழியைக் கைவிட்டு வேறொரு மொழியின் பெயராயிற்று. இடம் மாறியதில் மக்களைவிடப் பெயரே அதிகத் தூரம் போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

‘ஸ்காட்டி’ என்ற லத்தீன் வடிவம் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் தென்படுகிறது. ரோமப் பேரரசின் மாகாணங்களையும் அதன் எல்லைகளில் வாழ்ந்த ‘காட்டுமிராண்டி’ இனங்களையும் பட்டியலிட்ட ஆவணம் ஒன்றில், பிக்ட்டுகளுக்கு அருகே அவர்களும் வருகிறார்கள். அம்மியானஸ் மார்செல்லினஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் 360ஆம் ஆண்டு நிகழ்வுகளை விவரிக்கும்போது, ஸ்காட்டியரும் பிக்ட்டுகளும் உடன்படிக்கையை மீறி பிரிட்டனின் எல்லைப்புறங்களைச் சூறையாடியதாகச் சொல்கிறார். 367இல் பல இனங்கள் ஒரே சமயத்தில் பிரிட்டனைத் தாக்கியபோதும் ஸ்காட்டியர் அவர்களில் இருந்தனர். ரோமர்களின் கண்ணில் இவர்கள் அயர்லாந்திலிருந்து படகேறி வந்து கொள்ளையடிக்கும் கூட்டத்தார். இளம் வயதில் அப்படிப்பட்ட கொள்ளையர்களால் பிரிட்டனிலிருந்து அடிமையாக அயர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, தப்பித்து, பின்னர் சமயப் பணிக்காக அதே தீவுக்குத் திரும்பியவர்தான் புனித பாட்ரிக். அவருடைய எழுத்துகளிலும் ஸ்காட்டியர் என்பது அயர்லாந்து மக்களையே குறிக்கிறது.

சொல்லின் வேர் என்ன? இதற்கு அறிஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயர் இசிடோர், உடம்பில் இரும்பு ஊசியால் மையிட்டுப் பச்சை குத்திக்கொள்பவர்கள் என்பதால் அவர்களுடைய மொழியிலேயே அந்தப் பெயர் வந்ததாக எழுதினார். அந்த மொழியில் அப்படியொரு சொல் இருந்ததற்குச் சான்று கிடையாது. இருளைக் குறிக்கும் ‘ஸ்கோட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்த மக்கள் தங்களை அப்பெயரால் அழைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தங்களைக் ‘கோய்டெல்’ என்றார்கள். இன்றைய ‘கேல்’, ‘கேலிக்’ என்னும் சொற்கள் அதிலிருந்து வந்தவை. அந்தப் பெயரும்கூட வேல்ஸ் மொழியின் முன்னோடியிலிருந்து, காட்டு மனிதர் என்ற பொருளில் வந்து ஒட்டிக்கொண்டது என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் இரண்டு பெயர்களுமே அக்கம்பக்கத்தார் வைத்தவைதான்.

அயர்லாந்தின் வடகிழக்குக் கரைக்கும் ஸ்காட்லாந்தின் கின்டயர் முனைக்கும் இடையே கடல் மிகக் குறுகலாக உள்ள இடத்தில் தொலைவு சுமார் 20 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஒரு கரையிலிருந்து மறு கரை தெரியும். இந்தக் கடற்கால்வாயின் இரு பக்கமும் பரவியிருந்தது டால் ரியாட்டா என்ற கேலிக் அரசு. அயர்லாந்துப் பக்கத்தில் ஆன்ட்ரிம், பிரிட்டன் பக்கத்தில் ஆர்கைல். ஆர்கைல் என்ற ஊர்ப்பெயருக்கே ‘கேல்களின் கடற்கரை’ என்றுதான் பொருள். அங்கே டனாட் என்னும் பாறைக்குன்றின் மேல் இவர்களுடைய கோட்டை ஒன்று இருந்தது. குன்றின் உச்சியில், பாறையில் குடைந்த ஒரு காலடித் தடத்தை இன்றும் பார்க்கலாம். புதிய அரசர் அதில் கால் பதித்துப் பதவி ஏற்றிருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள். 563இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா துறவி மடம் நிறுவிய அயோனா தீவும் இந்தப் பகுதியில்தான் உள்ளது.

731இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, ஸ்காட்டியரின் உண்மையான தாயகம் அயர்லாந்து என்று வெளிப்படையாகவே சொல்கிறார். 603இல் நடந்த ஒரு போரைக் குறிப்பிடும்போது, தோற்ற அரசர் ஏடானை ‘பிரிட்டனில் வாழும் ஸ்காட்டியரின் அரசர்’ என்று எழுதுகிறார். ‘பிரிட்டனில் வாழும்’ என்ற அந்த அடைமொழி கவனிக்கத்தக்கது. வெறுமனே ஸ்காட்டியரின் அரசர் என்று விட்டிருந்தால் வாசகர் அவரை அயர்லாந்துக்காரர் என்று நினைத்துவிடுவார்கள் என்பதனால்தான் பீட் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆர்கைலில் வாழ்ந்த கேல்கள் அயர்லாந்திலிருந்து பெருந்திரளாகக் குடியேறியவர்கள் என்று பீட் முதற்கொண்டு நெடுங்காலம் நம்பப்பட்டது. அப்படியொரு பெருங்குடியேற்றத்துக்குரிய தடயங்கள் மண்ணில் கிடைக்கவில்லை என்றும், கடலின் இரு கரைகளிலும் ஒரே மொழி பேசியவர்கள் முன்பிருந்தே வாழ்ந்திருக்கலாம் என்றும் அண்மைக்காலத் தொல்லியலாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

பெயர் எந்தத் தலைமுறையில் கடலைக் கடந்தது என்பதைப் பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்புகளில் ஏறக்குறைய நேரிலேயே பார்த்துவிடலாம். 891ஆம் ஆண்டுக் குறிப்பில், மூன்று ஸ்காட்டியர் துடுப்பே இல்லாத ஒரு படகில் அரசர் ஆல்ஃபிரட்டிடம் வந்து சேர்ந்த கதை இருக்கிறது. இரண்டரைத் தோல்களால் செய்த படகு. ஏழு நாளுக்கான உணவு. கடவுள் எங்கே கொண்டுபோனாலும் சரி என்று கிளம்பியவர்கள் ஏழாம் நாள் கார்ன்வால் கரையில் ஒதுங்கினார்கள். அவர்கள் புறப்பட்ட இடம் அயர்லாந்து என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. அதே நூலில் 920ஆம் ஆண்டுக்கு வந்தால், ‘ஸ்காட்டியரின் அரசர்’ என்று பேசப்படுபவர் பிரிட்டனின் வடபகுதியை ஆண்டவர். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே சொல், ஒரே நூல், இரண்டு நாடுகள்.

இந்த இடைவெளியில் வடக்கே ஒரு பெரிய அரசியல் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பிக்ட்டுகளையும் ஸ்காட்டியரையும் ஒன்றாக்கிய முதல் அரசர் என்று பாடப்புத்தகங்கள் கென்னத் மக்கால்பினைக் காட்டும். ஆனால் 858இல் அவர் இறந்தபோது அயர்லாந்து ஆண்டுக் குறிப்புகள் அவரைப் பிக்ட்டுகளின் அரசர் என்றே பதிவு செய்தன. அவருடைய பேரன் டொனால்ட் 900இல் இறந்தபோதுதான் ‘ஆல்பாவின் அரசர்’ என்ற புதுப் பட்டம் எழுத்தில் வருகிறது. ஆல்பா என்பது முன்பு பிரிட்டன் தீவு முழுவதையும் குறித்த பழைய கெல்டிக் பெயர். அதைக் கேலிக் பேசியவர்கள் தங்கள் அரசுக்குச் சூட்டிக்கொண்டார்கள்; லத்தீனில் எழுதியவர்கள் அதையே ‘ஸ்கோட்டியா’ என்று மொழிபெயர்த்தார்கள். அதுவரை அயர்லாந்தின் மறுபெயராக இருந்த ஸ்கோட்டியா மெல்ல மெல்ல வடக்குப் பிரிட்டனுக்கு உரியதாயிற்று. கேலிக் பேசுபவர்களுக்கோ இந்த மாற்றம் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் மொழியில் ஸ்காட்லாந்து இன்றைக்கும் ஆல்பாதான்.

பெயர் கடலைத் தாண்டியதும் நாடு முழுவதற்கும் உரியதாகிவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்கோட்டியா என்றால் கிழக்குக் கரையிலுள்ள ஃபோர்த் ஆற்றின் கழிமுகத்துக்கு வடக்கே இருந்த பகுதி மட்டுமே. அந்தக் கழிமுகத்துக்கே ‘ஸ்காட்டியக் கடல்’ என்ற பெயர் இருந்தது. இன்றைய தலைநகரான எடின்பரோ அதற்குத் தெற்கே, ஆங்கிலம் பேசிய நிலத்தில் இருக்கிறது. முதலாம் டேவிட் போன்ற அரசர்கள் சாசனம் எழுதும்போது ‘பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்காட்டியர்’ எனத் தம் குடிகளைத் தனித்தனியே விளித்தார்கள். 1180ஐ ஒட்டி எல்லைப்புறத்து டிரைபரோ மடத்தில் வாழ்ந்த ஆடம் என்ற துறவி, தம் மடம் ‘ஆங்கிலேயரின் நிலத்தில், ஸ்காட்டியரின் அரசில்’ இருப்பதாக எழுதினார். ஒருவர் ஸ்காட்டிய அரசரின் குடியாக இருந்துகொண்டே தன்னை ஆங்கிலேயர் என்று கருதுவதில் அன்று யாரும் முரண்பாடு காணவில்லை. அடுத்த நூறு ஆண்டுகளில் இது மாறியது. 1296இல் தொடங்கிய இங்கிலாந்துடனான போர்கள் அந்த மாற்றத்தை இறுக்கி, அரசரின் குடிகள் எல்லோரும் எந்த மொழி பேசினாலும் ஸ்காட்டியரே என்ற நிலையை ஏற்படுத்தின. பிராங்குகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் பெயரைப் பிரான்சு முழுவதும் ஏற்றுக்கொண்டதும் இதே போன்ற கதைதான்.

பொதுப் பெயர் ஒன்று வந்தவுடன் பொது மூதாதையரும் தேவைப்பட்டார்கள். இடைக்காலக் கதைகளின்படி ஸ்காட்டியரின் ஆதித்தாய் எகிப்திய மன்னரின் மகளான ‘ஸ்கோட்டா’. அவள் கேதெலோஸ் என்ற கிரேக்க இளவரசனை மணந்தாளாம்; எகிப்தை விட்டு ஸ்பெயின் வழியாக அவளுடைய வழித்தோன்றல்கள் அயர்லாந்தை அடைந்தார்களாம். பெயரிலிருந்து ஆளைப் படைத்த கதை என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் இதை வெறும் பாட்டிக் கதை என்று ஒதுக்க முடியாது. 1249இல் ஏழு வயதுச் சிறுவனான மூன்றாம் அலெக்சாண்டர் ஸ்கோன் என்னுமிடத்தில் அரியணை ஏறியபோது, முதியவர் ஒருவர் முன்வந்து மண்டியிட்டு, அவனுடைய வம்சாவளியைக் கேலிக் மொழியில் ஒவ்வொரு பெயராக ஆதிவரைக்கும் ஒப்பித்தார். 1320இல் ஆர்ப்ரோத்தில் எழுதப்பட்டுப் போப்பிற்கு அனுப்பப்பட்ட புகழ்பெற்ற கடிதமும், ஸ்காட்டியர் கருங்கடலுக்கு வடக்கே இருந்த பெரிய சிதியாவிலிருந்து கிளம்பி, ஸ்பெயினில் தங்கி, இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்து 1200 ஆண்டுகளுக்குப் பிறகு மேற்கே வந்து குடியேறியதாகச் சொல்லித்தான், ஸ்காட்லாந்தின் மீது இங்கிலாந்து கொண்டாடிய ஆட்சி உரிமையை மறுத்தது. ஆங்கிலேயருக்கு முன்பே, அவர்களோடு தொடர்பில்லாமல் வந்தவர்கள் நாங்கள் என்பதே வாதம். அந்த வாதத்துக்குக் கற்பனை வரலாறு மிகவும் கைகொடுத்தது.

ஐரோப்பாவின் பிற பகுதிகளில் பழைய பொருளும் புதிய பொருளும் நீண்ட காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. தத்துவ வரலாற்றில் இரண்டு ஜான் ஸ்கோட்டஸ்கள் உண்டு. மாணவர்கள் இவர்களைக் குழப்பிக்கொள்வது வழக்கம். ஒன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு அரசவையில் வாழ்ந்த ஜான் ஸ்கோட்டஸ் எரியுஜெனா அயர்லாந்துக்காரர். ‘எரியுஜெனா’ என்பதற்கு ‘அயர்லாந்தில் பிறந்தவர்’ என்று பொருள். 1308இல் மறைந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ், ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்ற ஊர்க்காரர். ஒரே அடைமொழி, நானூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு தேசங்கள். வியன்னா நகரில் 1155இல் அயர்லாந்துத் துறவிகளுக்காக நிறுவப்பட்ட மடத்தை இன்றும் ‘ஸ்காட்டியர் மடம்’ என்ற பொருளுடைய ஜெர்மன் பெயராலேயே அழைக்கிறார்கள். ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் நகரில் இதே வகையான மடம் ஒன்றைப் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் துறவிகள், பெயரே எங்களுடையதுதானே என்று உரிமை கோரிக் கைப்பற்றிக்கொண்டார்கள். சொற்பொருள் மாற்றத்தால் ஒரு கட்டடமே கைமாறிய நிகழ்ச்சி இது.

இனி மொழிக்கு வருவோம். தொடக்கநிலை வாசகர் சற்று நிதானித்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஸ்காட்லாந்துக்கு ஆங்கிலத்தைத் தவிர இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று கேலிக், இது கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஐரிஷ் மொழியின் உடன்பிறப்பு. மற்றொன்று ஸ்காட்ஸ், இது ஆங்கிலத்தைப் போலவே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது, பழைய ஆங்கிலத்தின் வடக்கத்திய வட்டார வழக்கிலிருந்து வளர்ந்தது. ஸ்காட்டியர் என்று முதலில் அழைக்கப்பட்டவர்கள் பேசியது கேலிக். ஆகவே பல நூற்றாண்டுகளாக ‘ஸ்காட்டிய மொழி’ என்றால் அதுதான். தாழ்நிலத்து நகரங்களில் பரவிய ஜெர்மானிய மொழியை அதைப் பேசியவர்களே ‘இங்லிஸ்’, அதாவது ஆங்கிலம், என்றார்கள். 1370களில் அரசர் ராபர்ட் புரூஸைப் பற்றி நெடுங்கவிதை பாடிய ஜான் பார்பர், இங்கிலாந்தோடு நடந்த விடுதலைப் போரைப் பாடியது அந்த ‘இங்லிஸ்’ மொழியில்தான். அதே நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜான் ஃபோர்டன், நாட்டில் ஸ்காட்டிய மொழி, டியூட்டானிய (அதாவது ஜெர்மானிய) மொழி என இரண்டு வழங்குவதாகவும், முன்னதை மலைநாட்டாரும் பின்னதைக் கடற்கரையோரத்தாரும் பேசுவதாகவும் எழுதுகிறார். அவருடைய ‘ஸ்காட்டிய மொழி’ கேலிக் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்ப்பலகை மாற்றி மாட்டப்பட்டது. அரசவையிலும் நீதிமன்றத்திலும் சந்தையிலும் தாழ்நிலத்து மொழி ஆட்சி செலுத்திய காலம் அது; நாட்டின் முதன்மை மொழிக்கு எதிரி நாட்டின் பெயர் இருப்பது உறுத்தியிருக்க வேண்டும். 1513இல் லத்தீன் கவிஞர் விர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்த்து முடித்த கவின் டக்ளஸ், தாம் எழுதுவது தெற்கத்தியரின் மொழி இல்லை, ஸ்காட்டிஸ் மொழி என்று முன்னுரையில் அறிவித்தார். அப்படியானால் கேலிக்கை என்னவென்று அழைப்பது? அதற்கு ‘எர்ஸ்’, அதாவது ஐரிஷ், என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆயிரம் ஆண்டு ஸ்காட்டிய மொழியாக இருந்தது ஒரே தலைமுறையில் அயல்நாட்டு மொழியாகக் காட்டப்பட்டது. 1500ஐ ஒட்டி வில்லியம் டன்பார், வால்டர் கென்னடி என்ற இரு கவிஞர்கள் அரசவையில் வசைக்கவி பாடி மோதிக்கொண்டபோது, டன்பார் கென்னடியின் கேலிக்கை ஐரிஷ் என்று ஏளனம் செய்கிறார். கென்னடியோ அதுவே இந்த நாட்டின் நல்ல மொழி, உண்மையான ஸ்காட்டியர் எல்லோரும் பேச வேண்டிய மொழி என்று திருப்பி அடிக்கிறார். வரலாற்றின்படி நியாயம் கென்னடி பக்கம்தான். ஆனால் பெயர் டன்பார் பக்கம் போய்விட்டது.

‘ஸ்காட்டிஸ்’ என்ற அந்த வடிவம் சுருங்கியே ‘ஸ்காட்ஸ்’ ஆயிற்று. தெற்கே இங்கிலாந்தில் அதே சொல் ‘ஸ்காட்டிஷ்’ என்று நின்றது. பின்பு பேச்சில் ‘ஸ்காட்ச்’ என்று குறுகியது. ஆகவே மூன்றும் ஒரே சொல்லின் மூன்று உச்சரிப்புகள்தாம். வழக்கில் மட்டும் இன்று வேறுபாடு உண்டு. சட்டம், மொழி, மக்கள் ஆகியவற்றுக்கு ஸ்காட்ஸ். நாடாளுமன்றம் முதலிய பெரும்பாலானவற்றுக்கு ஸ்காட்டிஷ். விஸ்கிக்கும் சில உணவு வகைகளுக்கும் ஸ்காட்ச். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே தயங்காமல் எழுதிய ‘ஸ்காட்ச்’, பின்னாளில் அந்நாட்டவரின் காதுக்குக் கசந்துவிட்டது. இன்று மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரிலும் ஒட்டுநாடாவிலும் உள்ள ‘ஸ்காட்ச்’ என்ற வணிகப் பெயரும் இதனோடு உறவுடையதே: 1920களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஓரங்களில் மட்டும் பசை தடவிய நாடாவைச் சோதனைக்குக் கொடுத்தபோது, வண்டிக்கு வண்ணம் பூசுபவர் எரிச்சலடைந்து, இவ்வளவு ‘ஸ்காட்ச்’சாக, அதாவது கஞ்சத்தனமாக, ஏன் பசை வைக்கிறீர்கள் என்று கேட்டாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் சிக்கனம் மிகுந்தவர்கள் என்ற பழைய கேலி அதற்குள் ஒளிந்திருக்கிறது. தண்டனையின்றித் தப்புவதைச் சொல்லும் ‘ஸ்காட்-ஃப்ரீ’ என்ற ஆங்கிலத் தொடரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அதிலுள்ள ‘ஸ்காட்’ வரியையும் கட்டணத்தையும் குறிக்கும் வேறொரு பழைய சொல்.

ஸ்காட்ஸ் மொழியின் சாயலை அறிய ஒரு சொல் போதும். ஆங்கிலம் ‘சர்ச்’ என்பதை ஸ்காட்ஸ் ‘கிர்க்’ என்கிறது. தமிழில் செவி என்பது கன்னடத்தில் கிவி என்று நிற்பதைப் போல, தெற்கே சகரமாகத் திரிந்த ஒலி வடக்கே ககரமாகவே இருந்துவிட்டது; அந்த ககரத்தைக் காப்பாற்றியதில் ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் மொழிக்கும் பங்கு உண்டு. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆந்திரேயர் ஆலயத்தை ஊரார் ‘கிர்க்’ என்றே சொல்வதற்குக் காரணம், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக அது கட்டப்பட்டதுதான்.

1603இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்து அரியணையிலும் அமர்ந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். விவிலியம் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. 1707இல் நாடாளுமன்றங்களும் இணைந்தன. எழுத்து மொழியாக ஸ்காட்ஸ் சரிந்து, வீட்டிலும் வயலிலும் பாட்டிலும் மட்டும் தங்கியது. அது தனி மொழியா, ஆங்கிலத்தின் வட்டார வழக்கா என்ற கேள்வி அதனால்தான் இன்றளவும் தொடர்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். கேலிக் பேசுவோர் சுமார் 70 ஆயிரம். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இரண்டுக்கும் அலுவல் தகுதி வழங்கியது. அரை ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெயருக்காக மல்லுக்கட்டிய இரண்டு மொழிகளும் இப்போது ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர் ஜேம்ஸின் ஆட்சி, அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துத் தாழ்நிலத்தாரைப் பெருமளவில் குடியேற்றியது. அவர்கள் கொண்டுபோன மொழி அங்கே வேரூன்றி ‘அல்ஸ்டர் ஸ்காட்ஸ்’ என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது. அது செழித்திருக்கும் இடங்களில் ஒன்று ஆன்ட்ரிம் கரை. ஒரு காலத்தில் டால் ரியாட்டாவின் அயர்லாந்துப் பாதியாக இருந்த அதே கரை. அங்கே இன்று ஒருவர் தம்மை ஸ்காட்ஸ் என்று சொன்னால், அவருடைய முன்னோர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள், ஐரிஷ்காரர்கள் அல்லர் என்று பொருள்.